இரண்டு கார்பரேட்டரும் ஒரே மூச்சில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அண்ணே, எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காருக்கு எஞ்சின் இறக்கி முழு வேலையும் பார்த்துப் பூட்டியாச்சு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் ரெண்டு எஸ்யூ (கம்பெனி பெயர்) கார்பரேட்டரையும் எத்தனை தடவை சமன் செய்தாலும் மறுநாள் ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஆடுகிறது. எங்கே தப்பு?
*வாசகர், திருமங்கலம்*

தம்பி, முதலில் கார்பரேட்டரிலிருந்து கையை எடுங்கள். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் அதுதான் கடைசி வேலை. எஞ்சின் கொஞ்சம் ஓடிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி டைட் செய்திருப்பீர்கள். அதிலேயே டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி, மாறிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு 0.015 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட், அப்புறம் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்). மூன்றும் சரியாக இருந்தும் ஆடினால், எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது.

போன வருஷம் இதே மாதிரி ஒரு எஞ்சினோடு இரண்டு நாள் போராடினேன். கடைசியில் சாதாரணத் தண்ணீர் ஸ்பிரே பாட்டிலை எடுத்து, எஞ்சின் ஓடும்போதே மேனிபோல்டு (கார்பரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) இணைப்பு ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். பின்பக்க மூலையில் பட்டதும் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் பேக்கிங் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு மடிப்பு. புது பேக்கிங் போட்டதும் அரை மணி நேரத்தில் இரண்டும் சமனாகிவிட்டன.

தண்ணீருக்குப் பதிலாகப் பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ அடித்துவிடாதீர்கள். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்பரேட்டருக்குக் கீழேயே பழுத்த இரும்பு இருக்கிறது, தீப்பிடித்துவிடும்.

சமன் பார்க்க மீட்டர் வாங்கியே ஆகணுமா?
*வாசகர், மேலூர்*

இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் அரை மீட்டர் பெட்ரோல் ஹோஸ் போதும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஃபில்டர் இரண்டையும் கழற்றுங்கள். இரண்டு ஸ்பிண்டிலையும் (கார்பரேட்டரில் காற்றுத் தகட்டைத் திருப்பும் தண்டு) இணைக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள், சோக் இணைப்பையும் சேர்த்து. இதை விட்டால் ஒன்றைத் திருப்பும்போது மற்றதும் கூடவே அசையும். ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டர் வாயிலும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் பிடியுங்கள். ‘உஸ்’ என்ற இழுப்புச் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை ஐடிலிங் ஸ்குரூவைத் திருப்புங்கள்.

காற்று சமனான பிறகுதான் மிக்ஸர், அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு. கார்பரேட்டர் அடியில் இருக்கும் சின்னக் கம்பியை (லிஃப்டிங் பின்) அழுத்தி, உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே விழுந்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கார்பரேட்டர் அடியில் இருக்கும் ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஆறு பக்கத்தில் ஒரு பட்டைதான். மிக்ஸரை மாற்றினால் ஐடிலிங்கும் மாறும், அதனால் திரும்ப ஹோஸை எடுத்துக் காற்றைப் பாருங்கள்.

கிளாம்பை மறுபடி இறுக்கியதும் ஒருவரை ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லி, இரண்டு ஸ்பிண்டில் முனையிலும் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, கிளப்பும்போது உதறும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

முதல் ரெண்டு பிளக் கருப்பு, பின்னாடி ரெண்டும் வெள்ளை. எஞ்சின் வேலையில் குறையா?
*வாசகர், அவனியாபுரம்*

பெரும்பாலும் இல்லை. முன் கார்பரேட்டர் 1, 2 சிலிண்டருக்கும் பின்னது 3, 4 சிலிண்டருக்கும் ஊட்டுகிறது. முன்னதில் பெட்ரோல் அதிகம், பின்னதில் குறைவு என்று பிளக்கே சொல்கிறது. முன் கார்பரேட்டரில் ஃப்ளோட் நீடில் (உள்ளே வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) ஒழுகுகிறதா, ஜெட் முழுசாக மேலே வருகிறதா என்று பாருங்கள். பின் கார்பரேட்டரில் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டியதுதான்.

என்னிடம் அம்பாசடர். ஒரே கார்பரேட்டர். நானும் சமன் பார்க்கணுமா?
*வாசகர், உசிலம்பட்டி*

வேண்டாம். ஒன்றை எதோடு சமன் செய்வது? எஸ்யூ கார்பரேட்டராக இருந்தால் மேல் மூடியைத் திறந்து டேம்பர் எண்ணெய் (பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் எண்ணெய்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வற்றியிருந்தால் மிதித்தவுடன் வண்டி திணறும்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் பத்மினி கரும்புகை விடுகிறது.
*வாசகர், நிலக்கோட்டை*

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்துவிடும், ஜெட்டோ அதே பெட்ரோலைத் தரும். கொஞ்சம் புகை இயல்புதான். சோக் முழுசாகத் திரும்பியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே போய் மிக்ஸரைக் குறைக்காதீர்கள். கீழே இறங்கியதும் மதுரை வெயிலில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏதாவது மாற்றணுமா?
*வாசகர், மதுரை*

20 சதவீத எத்தனாலில் மிக்ஸர் கொஞ்சம் மெலியும். எஸ்யூ கார்பரேட்டரில் ஜெட் நட்டை ஒரு பட்டை இறக்கி, பிஸ்டனைத் தூக்கிப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதைவிட அவசரமானது பழைய ரப்பர் ஹோஸ். உப்பி, மெத்தென்று ஆகியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.