வேலையை விட்டுவிட்டு காபித்தூள் கடை போடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு காபித்தூள் கம்பெனியில் 14 வருடமாகக் கொட்டை வறுக்கும் ரோஸ்டர் மெஷின் பார்க்கிறேன். வயது 41. சம்பளம் 20,400 ரூபாய், இ.எஸ்.ஐ. உண்டு. ஒரு வருடமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் இளைப்பு. பீடி, சிகரெட் கிடையாது. 'தூசி அலர்ஜி, வேலையை மாற்றுங்கள்' என்கிறார் டாக்டர். காபித்தூள் அரைத்து விற்கும் கடை போடலாம் என்கிறார் மச்சான். என் பங்கு 5 லட்சம்: 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம். இறங்கலாமா? தனியாக ஹெல்த் பாலிசி எடுத்தால் இருமலைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இறங்காதீர்கள். நல்ல முக்கில் அமைந்தால் கடை ஓடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதற்குப் பயந்து கம்பெனியை விட்டு வருகிறீர்களோ, அதையே பத்துக்குப் பத்து அறைக்குள் 5 லட்சம் கொடுத்து வாங்கப் போகிறீர்கள்.

பச்சைக் கொட்டைச் சாக்கை உதறும்போது பறக்கிற தூசி ஆஸ்துமாவில் கொண்டுவிடும். அது ஒரு பக்கம். வறுத்த கொட்டையிலிருந்து நுரையீரலைக் கெடுக்கும் டைஅசிட்டைல் என்ற ஆவி தானாகவே கசிகிறது. வறுத்த கையோடு அரைத்தால் இன்னும் அதிகம். டெக்சாஸில் ஒரு காபி ஆலையின் மணமூட்டும் பிரிவில் வேலை பார்த்த இரண்டு பேருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டதை 2013-ல் அமெரிக்க அரசே அறிக்கையாக வெளியிட்டது. இன்ஹேலருக்கு மசிகிற நோய் இல்லை அது. போன மூச்சு திரும்பாது. மணம் எதுவும் சேர்க்காத காபியிலும் இதே ஆவி இருப்பதைப் பிறகு அளந்து கண்டார்கள். கடைக்கு வருகிறவர் 'ஆகா, என்ன வாசனை' என்று இழுத்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் நாள் முழுக்க அரவை மெஷின் பக்கத்தில் நிற்பீர்கள். மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

இனி பணக் கணக்கு. இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் பிடிப்பது மாதம் 153 ரூபாய், கம்பெனி கட்டுவது 663. இந்த இருமலை வைத்துக்கொண்டு, மொத்தம் 816 ரூபாயில் குடும்பத்துக்கே வைத்தியம் வேறெங்கும் கிடைக்காது. வேலைக்குப் போக முடியாமல் படுத்தால், சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம். நாளுக்கு ஏறக்குறைய 476 ரூபாய், அதுவும் வருடத்தில் 91 நாள் வரைதான். வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால் 90 சதவீதம், அதாவது சுமார் 612 ரூபாய், குணமாகும்வரை. நிரந்தரப் பாதிப்பு என்று மெடிக்கல் போர்டு சொன்னால் மாதாமாதம் தனியாகப் பணம் உண்டு. 'தூசி அலர்ஜி' என்று ஒரு வரி எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்க முடியாது.

அதனால் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய், என்ன வேலை, எத்தனை வருடம் என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுக்கச் சொல்லுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஊதிப் பார்க்கும் குழாய் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். காலை, மாலை ஊதி நோட்டில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் லீவிலும் எண் ஏறி, வேலைக்குப் போனதும் இறங்கினால் அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. பச்சைக் கொட்டை குடோனோ ரோஸ்டர் பக்கமோ இல்லாத வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பேக்கிங்கில் போடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அங்கேயும் புதுத்தூள்தான்.

பாலிசியில் இருமலைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் கை விரிப்பார்கள். சொன்னால் அந்த நோய்க்கு மட்டும் அதிகபட்சம் 3 வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது பிரீமியம் கூடும். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது ஒரு லாபம். இ.எஸ்.ஐ.க்கு மேல் கூடுதலாக எடுங்கள், அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள்.

எஃப்.டி.யில் ஆறு மாதச் செலவுக்கானதைத் தொடவே வேண்டாம். மச்சான் விடாப்பிடியாக நின்றால், அரைத்த தூளைப் பாக்கெட்டாக வாங்கி விற்கட்டும், நீங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் போடாதீர்கள். 'நான் நிற்கவில்லை, மனைவி பார்த்துக்கொள்வாள்' என்று யோசிக்கிறவர்களும் உண்டு. அவருக்கும் அதே நுரையீரல்தான் ஐயா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.