அண்ணப்பிளவை (வாயின் மேற்கூரையில் பிறவியிலேயே இருக்கும் பிளவை) மூடிய பிறகும் குழந்தை மூக்கால் பேசுகிறதே, இன்னொரு ஆபரேஷன் தேவையா?

சிலருக்குத் தேவைப்படும். தையல் நன்றாக ஆறியிருந்தாலும், மெல்லண்ணம் (மேற்கூரையின் பின்பக்க மென்மையான பகுதி) குட்டையாகவோ அசைவு குறைந்தோ இருந்தால் தொண்டையின் பின்சுவரை எட்டாது. காற்று மூக்குக்குள் கசியும். 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். அப்படிச் சொல்லும்போது மூக்கின் கீழ் சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். ஆவி படிந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

எந்த ஆபரேஷன் என்பதை இடைவெளியின் அளவும் வடிவமும்தான் தீர்மானிக்கும். அதனால் பேசவைத்தபடியே மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுப் பார்ப்பார்கள். இடைவெளி சிறிதென்றால், ஃபர்லோ முறையில் அண்ணத் தசைகளைத் திருப்பி வைத்துத் தைத்து அண்ணத்தை நீட்டுவார்கள். பெரிதாக இருந்தால், தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு திசுப்பட்டையை எடுத்து மெல்லண்ணத்தோடு இணைப்பார்கள். இருபக்கமும் மூச்சுக்கு வழி விடப்படும். தொண்டையின் பக்கச்சுவர்த் தசைகளைக் கொண்டு அந்த இடைவெளியைச் சுருக்கும் முறையும் உண்டு. இந்தக் கடைசி இரண்டிலும் குறட்டை, தூக்கத்தில் மூச்சடைப்பு வரலாம். டான்சில் பெரிதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் கசிவைத்தான் அடைக்கும். 'க', 'ட' எழுத்துகளைத் தொண்டைக்குள்ளேயே வெட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தால், அதை மாற்றப் பேச்சுப் பயிற்சிதான் வேண்டும்.