அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும் வருமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 12 வயது. போன வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா சமயத்தில் திடீரென்று மெலிந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைப் 1 சுகர் என்றார்கள். அன்றிலிருந்து நாளுக்கு நாலு ஊசி. மகளுக்கு 9 வயது, நன்றாக இருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார், "இது வராமல் தடுக்க அங்கே ஊசி வந்துவிட்டது, பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்கள்" என்கிறார். எடுக்கலாமா? மகனுக்கும் அதைப் போட்டு இன்சுலினை நிறுத்த முடியுமா? ஸ்டெம் செல் வைத்துக் குணமாக்குவதாக ஒருவர் சில லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று பிள்ளைகளின் அப்பா கேட்கிறார். மாமியாரோ, அல்வாவைத் தின்னவிட்டுக் கெடுத்தது நான்தான் என்கிறார்.

பதில்: நகையை வைக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் மனம் ஆறட்டும்.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை. நம்ம பக்கத்தில் இதைச் 'சீனி வியாதி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் சீனி தின்றால் வரும் என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது. பெரியவர்களுக்கு வரும் டைப் 2-க்கு உடல் எடையும் சாப்பாடும் ஓரளவு காரணம். உங்கள் மகனுக்கு வந்தது வேறு கதை. அல்வாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதற்கும் இல்லை.

வீட்டைக் காக்க வளர்த்த நாய், ஒரு நாள் நம் வீட்டுக் கோழியையே பிடிக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. கிருமிகளை அழிக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அந்நியம் என்று நினைத்துக் கடித்துக் குதறுகின்றன. ஒரே நாளில் அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். கோழிக்கூடு பெரும்பாலும் காலியான பிறகுதான் தாகமும் மெலிவும் வெளியே தெரியும். அதற்கு வெகு முன்பே ரத்தத்தில் ஒரு தடயம் கிடைக்கும். அதைத்தான் ஆன்டிபாடி என்கிறோம்.

இந்த நாயை அடக்க நாற்பது வருஷமாக முயன்று வருகிறார்கள். 1980-களில் பிரான்சில், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரினைப் புதிதாக நோய் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இன்சுலின் தேவையே கொஞ்ச காலம் இல்லாமல் போனது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டது. ஊரில் உள்ள எல்லா நாயையும் கட்டிப்போட்டது போல, தொற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது. பிறகு, வருமுன் காக்க இன்சுலினையே சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், வைட்டமின் பி3 கொடுத்தார்கள். கைக்குழந்தைகளின் பால் மாவை மாற்றிக்கூடப் பார்த்தார்கள். எதுவும் நோயைத் தடுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "வைட்டமின் கொடுத்தால் வராது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தக் கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது.

உங்கள் கொழுந்தனார் சொல்லும் ஊசியின் பெயர் டெப்லிசுமாப். டி செல்லின் மேலிருக்கும் சிடி3 என்ற பிடிமானத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நாயைக் கொல்லாது, சோர்ந்து படுக்க வைக்கும். 14 நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு முறை, நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். 2019-ல் வெளிவந்த ஆய்வில், நோயாளிகளின் நெருங்கிய சொந்தக்காரர்கள் 76 பேர் பங்கேற்றார்கள். அவர்களுக்கு ஆன்டிபாடி இருந்தது, சுகர் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு நடுவாக 24 மாதத்தில் நோய் வந்தது. மருந்து போட்டவர்களுக்கு 48 மாதம் ஆனது. இதை வைத்துத்தான் 2022 நவம்பரில் அமெரிக்க அரசு, 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒப்புதல் தந்தது.

கவனியுங்கள், 'வராமல் தடுத்தது' என்று நான் சொல்லவில்லை. தள்ளிப் போட்டது. அது அற்ப விஷயமா? ஒன்பது வயதில் ஊசி குத்திக்கொள்வதற்கும் பதினொன்றில் தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையின் விரலைக் குத்திப் பார்த்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் விலையையும் சொல்ல வேண்டுமே. அங்கே அறிமுகமானபோது ஒரு குப்பி 13,850 டாலர். 14 நாளுக்கு 1,93,900 டாலர். நம் பணத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். வெள்ளணு சில வாரம் குறையும், தோலில் தடிப்பு வரும், தலைவலிக்கும். உயிருள்ள தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் 8 வாரம் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.

மகனுக்கு அது உதவுமா? நோய் வந்து ஆறு வாரத்துக்குள் இருந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு இதே மருந்தைக் கொடுத்த ஆய்வு 2023-ல் வந்தது. மிச்சமிருந்த பீட்டா செல்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. ஆனாலும் அவர்களும் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பாரிசிட்டினிப் மாத்திரையிலும் ஏறக்குறைய இதே பலன் தெரிந்தது, அதுவும் நோய் வந்த முதல் 100 நாளுக்குள் தொடங்கியவர்களுக்கு. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டி ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. சில பிள்ளைகளுக்கு இன்சுலின் தொடங்கிய சில மாதத்தில் தேவை வெகுவாகக் குறையும். மிச்சமுள்ள செல்கள் இளைப்பாறி எழுவதால் வரும் இந்தத் தற்காலிக நிம்மதியை டாக்டர்கள் 'தேனிலவு' என்போம். அந்தச் சமயம் பார்த்து ஏதாவது சூரணம் கொடுத்தவருக்குத்தான் பெயர் போய்ச் சேரும்! வீட்டார் ஊசியை நிறுத்துவார்கள், இரண்டு நாளில் பிள்ளை மயங்கி வரும். என் அனுபவத்தில் இப்படி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை.

இனி மகள். கூடப்பிறந்தவருக்கு இருந்தால், நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வரும். அதாவது 95 பேருக்கு வராது. டெஸ்ட் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம் என்பேன். ஆனால் கொழுந்தனார் சொல்லும் காரணத்துக்காக அல்ல. உங்கள் மகன் ஆஸ்பத்திரிக்கு வந்த நிலை, அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ், மகளுக்கு வராமல் இருப்பதற்காக. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 90 ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். 280 பேரிடம் நோயின் ஆரம்பம் தெரிந்தது. அவர்களில் பின்னால் நோய் முற்றியவர்களில் அபாய நிலையில் வந்தவர்கள் மிகச் சிலரே. பெற்றோர் விழித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது நாலு ஆன்டிபாடி: இன்சுலின், ஜிஏடி, ஐஏ-2, சிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8. நம் லேப்களில் பலரும் ஜிஏடி ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று நிம்மதியாக இருக்க முடியாது. நாலும் இல்லை என்றால் கொண்டாடுங்கள், ஒரு இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பதா என்பதை டாக்டர் சொல்வார். ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம், பலருக்கு அது அங்கேயே நின்றுவிடும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், அதை மறுபடி உறுதி செய்த பிறகு, நோயின் முதல் படி என்றே கணக்கு. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்து வருஷத்துக்குள் நூற்றுக்கு 70 பேருக்கு நோய் வெளிப்படும். வெறும் வயிற்றில் 100-க்கு மேல், அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-க்கு மேல் போனால் இரண்டாம் படி. டெப்லிசுமாப் பற்றிய பேச்சு அந்த இடத்தில்தான் தொடங்கும். மருந்து கிடைக்குமா, விலை என்ன, உதவி உண்டா என்பதையெல்லாம் அப்போது உட்சுரப்பு (ஹார்மோன்) மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைக்கே அதற்காகப் பணம் திரட்ட வேண்டாம்.

முடிவு எதுவாக வந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு சுமக்க வேண்டியது நீங்கள். 'தெரிந்து என்ன செய்ய, தூக்கம்தான் போகும்' என்று தோன்றினால், எடுக்காமல் விடுவதும் தவறில்லை. அறிகுறி பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்டெம் செல்லுக்கு வருகிறேன். உண்மையான ஆராய்ச்சி நடக்கிறது. கரு ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல்களை ஈரல் நரம்பில் செலுத்தியதில், 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள் என்று 2025-ல் வெளியானது. ஆனால் நாய் இன்னும் அங்கேதானே இருக்கிறது! புதுக் கோழியைக் காக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். சுகர் அடிக்கடி ஆபத்தாகத் தாழ்ந்துபோகும் பெரியவர்களுக்கே அங்கு கொடுத்தார்கள். உங்களிடம் லட்சம் கேட்பவர் செய்யப்போவது பெரும்பாலும் பிள்ளையின் எலும்பு மஜ்ஜையையோ கொழுப்பையோ எடுத்துத் திருப்பி ஏற்றுவது. ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றதற்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது, ஆய்வாக மட்டும் செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஆய்வு என்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. "ஆய்வுப் பதிவு எண் என்ன, ஏன் பணம்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது இவ்வளவு: அடிக்கடி ஒன்றுக்குப் போவது, படுக்கையை நனைக்காத பிள்ளை நனைப்பது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பது, பாவாடை இடுப்பில் நிற்காமல் மெலிவது. வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் 'குடலேற்றம்' என்று தட்டிவிடக் கூட்டிப்போவது நம் ஊர் வழக்கம். அக்கினி வெயிலில் 'சூட்டுக்கு' என்று இளநீர் கொடுப்பதும் உண்டு. அதற்கு முன் ஒரு நிமிஷம், உங்கள் வீட்டில் மகனுக்கு வாங்கிய குளுக்கோமீட்டர் ஏற்கெனவே இருக்கிறதே, அதில் ஒரு சொட்டு பாருங்கள். 200-க்கு மேல் காட்டினால் விடியட்டும் என்று இருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்தில் குழந்தை மருத்துவர் உள்ள இடத்துக்கோ உடனே வந்துவிடுங்கள். குத்துவதற்கு முன் கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அல்வா ஒட்டிய விரலில் எடுத்த 300-ஐப் பார்த்து நடுராத்திரி கார் பிடித்து வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.