பிரஷர் டிரான்ஸ்மிட்டர் தொல்லைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

எது கேட்டாலும் சரி, ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரஷர் டிரான்ஸ்மிட்டரில், அதாவது அழுத்தத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் கருவியில், ரீடிங் தப்பாக வந்தால் உடனே சீரோவில் (பூஜ்யப் புள்ளியைத் திருத்தும் அமைப்பில்) கை வைக்காதீர்கள். கோளாறு லைனில் இருக்கிறதா கருவியில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் அது.

கேள்வி: சார், ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகள் ஒரே ஜோடி ஒயரில் தகவல் அனுப்பும் இணைப்பு) 12 டிரான்ஸ்மிட்டர். கடைசி மூன்று மட்டும் அடிக்கடி டைம் அவுட் ஆகிறது. மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். எல்லாவற்றின் பவரையும் அணைத்துவிட்டு ஏ, பி ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் சரியாக இருந்தால் சுமார் 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் இல்லை, அல்லது நடுவில் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. 40 பக்கம் காட்டினால் யாரோ நடுவில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். பேனலிலிருந்து கிளை கிளையாக ஒயர் இழுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இந்த லைன் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகத்தான் போக வேண்டும். ஒரேயொரு கருவி மட்டும் பேசவே இல்லையென்றால் ஏ-வையும் பி-யையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், இந்த எழுத்துகளைக் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாகப் போடுகிறார்கள்.

கேள்வி: மாட்பஸில் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) பதில் வருகிறது, ஆனால் 2.5 பார் வரவேண்டிய இடத்தில் ஒரு ரெஜிஸ்டரில் (எண் சேமிக்கும் இடத்தில்) 16416, அடுத்ததில் 0. சென்சார் போய்விட்டதா அண்ணா?

சென்சார் நன்றாகவே இருக்கிறது தம்பி! 2.5-ஐ 32 பிட் ஃப்ளோட்டாக (தசம எண்களைச் சேமிக்கும் வடிவில்) எழுதினால் மேல் பாதி 16416, கீழ் பாதி 0. இரண்டையும் சேர்த்து ஃப்ளோட்டாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ எண் வந்தால் வேர்டு ஆர்டரை, அதாவது இரண்டு பாதிகளின் வரிசையை, மாற்றுங்கள்.

கேள்வி: சென்னையில் எங்கள் டெட் வெயிட் டெஸ்டரில் (பிஸ்டன் மேல் எடைக்கட்டி ஏற்றி, தெரிந்த அழுத்தத்தை உருவாக்கும் சோதனைக் கருவி) எந்த டிரான்ஸ்மிட்டரை வைத்தாலும் கால் சதவீதம் குறைவாகவே காட்டுகிறது. எல்லாவற்றையும் ஸ்பேன் டிரிம் செய்யச் சொல்கிறார் (ரேஞ்சின் மேல் முனை ரீடிங்கைத் திருத்தச் சொல்கிறார்) மேனேஜர்.

செய்யாதீர்கள். எதை வைத்தாலும் ஒரே பக்கம் ஒரே அளவு பிழை என்றால் சந்தேகப்பட வேண்டியது டெஸ்டரை. உங்கள் டெஸ்டரின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், எடைக்கட்டிகள் எந்த ஈர்ப்பு முடுக்கத்துக்குக் கணக்கிடப்பட்டவை என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 9.80665 இருக்கும். சென்னையில் அது சுமார் 9.783 தான். அதாவது 100 பார் என்று கட்டியை ஏற்றினால் உண்மையில் உருவாவது 99.76 பார் அளவுதான், பாவம், டிரான்ஸ்மிட்டர் உண்மையைச் சொல்லியிருக்கிறது. திருத்தக் காரணியைக் கணக்கில் சேர்த்த பிறகு 0, 25, 50, 75, 100 என்று ஏறி, அதே புள்ளிகளில் இறங்கியும் எழுதுங்கள். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று காட்டினால் எந்த டிரிம்மும் அதைச் சரி செய்யாது. இன்னொன்று, பிஸ்டனும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் எண்ணெயின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 0.085 பார் பக்கம் வரும். குறைந்த ரேஞ்சில் இது பெரிய பிழை.

கேள்வி: வால்வைத் திறந்து காற்றுக்கு விட்டாலும் 1.01 பார் காட்டியது. சீரோ செய்துவிட்டேன், சரிதானே?

பெயர்ப்பலகையைப் பாருங்கள். அப்சல்யூட் வகை (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பது) என்றால் அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது, நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள். நல்ல பாரோமீட்டரைப் பக்கத்தில் வைத்து, அது காட்டும் அளவுக்கு டிரிம் செய்யுங்கள்.

கேள்வி: ஈதர்நெட் கேட்வே (கருவிகளின் லைனை கணினி நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) திடீரென்று போகிறது, தானே வருகிறது. கேபிள் புதுசு.

கேட்வேயின் கேபிளைக் கழற்றிவிட்டு அதே ஐபி முகவரிக்கு பிங் போடுங்கள். அப்போதும் பதில் வந்தால் வேறு எதற்கோ அதே முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப்பில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்ற பட்டியல்) பார்த்தால் அதன் மேக் முகவரி (நெட்வொர்க் கருவிக்கான அடையாள எண்) கிடைக்கும், ஆளைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: ஹார்ட் கம்யூனிகேட்டர் (மில்லிஆம்ப் ஒயரிலேயே டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கைக்கருவி) டிரான்ஸ்மிட்டரைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. மில்லிஆம்ப் சரியாக வருகிறது.

பெஞ்சில் 24 வோல்ட் சப்ளையில் நேராகக் கட்டியிருக்கிறீர்களா? லூப்பில் தொடராக 250 ஓம் ஒன்றைப் போடுங்கள். அது இல்லாமல் சப்ளை ஹார்ட் சிக்னலை விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.