மூன்றாவது கம்பியின் காந்தம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஃபெண்டர் நிறுவனத்தின் 1962 ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிட்டாரின் மறுபதிப்பு ஒன்று வாங்கி இரண்டு மாதமாகிறது. கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்அப் அந்தக் காலத்து வகை. விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவு ஆரம் மட்டும் 9.5 அங்குலம். 10-46 கம்பி (0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன்) மாட்டியிருக்கிறேன். ஆனாலும் பழைய ஒலி முழுதாக வரவில்லையோ என்று தோன்றுகிறது. இதை விற்றுவிட்டு, நைட்ரோ லாக்கர் பூசித் தேய்த்துப் பழசாக்கிய ‘ரெலிக்’ கிட்டாருக்குப் போகலாமா? எல்லாம் மரத்தில்தான் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பி.கு: மூன்றாவது கம்பி மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாகக் கேட்கிறது. அதன் காந்தத்தைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினால் சரியாகிவிடும் என்றார் நண்பர். ஞாயிற்றுக்கிழமை செய்யப்போகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

அழுத்தாதீர்கள்.

ஒரு பத்திக்கு மரத்தையும் லாக்கரையும் பற்றி விசாரித்துவிட்டு, கேட்க வேண்டியதைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். அதுவும் கேள்வியாக இல்லை, அறிவிப்பாக. நல்லவேளை, ஞாயிறு இன்னும் வரவில்லை.

உங்கள் பிக்அப்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஃபைபர் தகடுகள். அவற்றில் இறுக்கிச் செருகிய ஆறு அல்னிகோ காந்தத் தண்டுகள். நடுவில் வேறு சட்டம் எதுவும் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய 42 கேஜ் செம்புக் கம்பியை அந்தக் காந்தங்களின் மேலேயே ஏறக்குறைய 8000 சுற்று சுற்றியிருக்கிறார்கள். முதல் சுற்றுக்கும் காந்தத்துக்கும் இடையே இருப்பது ஒரு பூச்சு லாக்கர்தான். காந்தத்தை அழுத்தினால் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்சுற்றையும் இழுத்துக்கொண்டு போகும், செம்புக் கம்பி அறுந்துவிடும். அறுந்ததும் பிக்அப் ஒரேயடியாக ஊமையாகிவிடாது. அடித்தொனி போய், தகர டப்பா மாதிரி மெலிந்த ஒலி வரும். நீங்கள் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகித்துக்கொண்டு ஒரு வாரம் அலைவீர்கள். நல்ல பிக்அப் என்றால் மல்டிமீட்டரில் 5.5 முதல் 6 கிலோ ஓம் வரை காட்டும். அறுந்ததில் எண்ணே நிற்காது. பிறகு முழுவதையும் உரித்து மறுபடி சுற்றுவதைத் தவிர வழியில்லை.

நண்பரைக் குறை சொல்லவில்லை. கிப்சனின் ஹம்பக்கர் வகை பிக்அப்பில் ஒரு வரிசை முழுக்கத் திருகுகள். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சட்டம் உள்ள சில புது பிக்அப்களில் காந்தம் நகரவும் செய்யும். அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவந்துவிட்டார்.

சரி, அந்தக் காந்தம் ஏன் அவ்வளவு உயரமாக நிற்கிறது? கிட்டாரைப் பக்கவாட்டில் வைத்து, கண்ணை பிக்அப்பின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது கம்பிகளின் காந்தங்கள் எகிறி நிற்கும். இரண்டாவதுடையது அமுங்கிக் கிடக்கும். 1950களில் விற்ற செட்டுகளில் மூன்றாவது கம்பி வெறும் எஃகு இல்லை. உள்ளே மெல்லிய எஃகு, மேலே சுற்றுக் கம்பி. மொத்தத் தடிமன் 0.024 அங்குலமோ அதற்கு மேலோ. பிக்அப்புக்குப் பெரிதும் கேட்பது உள்ளே இருக்கும் எஃகுதான். அது மெலிந்திருந்ததால் ஒலி குறைந்தது, அதை ஈடுகட்டக் காந்தத்தை உயர்த்தினார்கள். அன்றைய கம்பிக்கு அது கச்சிதமான கணக்கு. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி பால் மெல்லிய செட்டுகளை விற்க ஆரம்பித்தார். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்து வாசிப்பவர்கள் அவற்றுக்கு மாறினார்கள், மூன்றாவது கம்பி சுற்றில்லாத எஃகானது. உங்கள் 10-46 செட்டில் அது 0.017, முழுக்க எஃகு. எஃகு கூடிவிட்டது, காந்தம் மட்டும் இறங்கவேயில்லை. உங்களுக்குக் கேட்கும் சத்தம் இதுதான்.

ஃபெண்டருக்கு இது தெரியாதா? தெரியும். 1970களின் நடுவில் ஆறு காந்தங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1965இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பிறகு, எழுபதுகளின் கிட்டார்களுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. 1982இல் மறுபதிப்புகள் தொடங்கியபோது எழுபதுகளின் அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்று இந்த நல்ல திருத்தத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

எனக்கு ஆறாத கோபம் இங்கேதான். பழையதை அப்படியே செய்கிறோம் என்றால் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அன்றைய ஃப்ரெட்போர்டின் வளைவு 7.25 அங்குலம். அதில் கம்பியைத் தாழ்வாக வைத்து மேல் ஃப்ரெட்டுகளில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) வளைத்தால், வளைவின் மேட்டில் இடித்து ஒலி செத்துவிடும். அதனால் 9.5 ஆக்கித் தட்டையாக்கிவிட்டார்கள். பிக்அப்பைத் தேர்ந்தெடுக்கும் அன்றைய மூன்று நிலை ஸ்விட்சோடு ஐந்து நிலை ஸ்விட்ச் ஒன்றையும் பெட்டியில் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. கைக்குப் படுவதை மாற்றலாம், கண்ணுக்குப் படுவதை மாற்றக்கூடாது! வளைவு புகைப்படத்தில் தெரியாது. எகிறி நிற்கும் காந்தம் தெரியும். இவர்களின் விசுவாசமெல்லாம் புகைப்படத்துக்குத்தான், காதுக்கு இல்லை.

இந்த அரைத் திருத்தத்தால் நோய் முற்றியதுதான் மிச்சம். அந்த உயர வரிசை 7.25 வளைவோடு சேர்ந்து போட்ட கணக்கு. நடுக் கம்பிகள் ஓரக் கம்பிகளைவிட எவ்வளவு உயரத்தில் ஓடுகின்றன என்பது அதில் அடக்கம். 9.5 ஆக்கியதும் பிக்அப்புக்கு மேலே நடுக் கம்பிகள் ஏறக்குறைய 0.4 மி.மீ. இறங்கிவிடுகின்றன. உயரமான காந்தம், தாழ்ந்த கம்பி, அதுவும் முழு எஃகு. மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

இனி செய்ய வேண்டியது. முதலில் மூன்று பிக்அப்பையும் இறக்குங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, காந்த உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் இடைவெளி பாருங்கள். ஆறாவது கம்பியில் 2.4 மி.மீ., முதல் கம்பியில் 2 மி.மீ. என்று தொடங்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாக மேலும் இறக்கிக் கேளுங்கள். இடைவெளி ஒரு கம்பிக்கு 2 மி.மீ., இன்னொன்றுக்கு 1 என்றால் இரட்டிப்பு வித்தியாசம். 4க்கும் 3க்கும் அதே ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் விகிதம் சுருங்கிவிடுகிறது. குறையும் சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளுங்கள். காந்தம் ஆறாவது கம்பியைப் பிடித்து இழுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு சுரம் இரண்டாக நடுங்குமே, அதுவும் இதில் போய்விடும்.

போதாவிட்டால் சுற்றுள்ள மூன்றாவது கம்பி, 0.018 அல்லது 0.020 போடுங்கள். கம்பியைத் தாங்கும் சேடிலைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் முன்னே தள்ளிச் சுருதி சரிசெய்ய வேண்டியிருக்கும். வளைத்து வாசிக்கக் கை வலிக்கும். அது பிடிக்கவில்லை என்றால் சமமட்டக் காந்தம் உள்ள பிக்அப் மூன்று வாங்கி மாற்றுங்கள். சுற்றும் காந்தமும் பழைய வகையாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் இரண்டு பிக்அப் சேரும் நிலையில் ஒலி அடித்தொனி இல்லாமல் சூம்பிப்போனால், அவற்றில் ஒன்றின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் வையுங்கள்.

மரமா? திட உடல் மின்கிட்டாரில் காந்தத்தின் உயரம் செய்யும் அளவுக்கு மரம் செய்யாது. நைட்ரோ பார்க்க அழகு. ஆனால் ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். ரெலிக் வேண்டுமென்றால் வாங்குங்கள் தம்பி, ஆனால் அதை ஒலிக்காக என்று சொல்லாதீர்கள். யாரோ சுரண்டிய கீறலுக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதிலும் இதே எகிறிய காந்தம்தான் பெரும்பாலும் இருக்கும். 1962 என்கிறார்களே, அந்த ஒரே வருடத்தின் நடுவில் ஃபெண்டர் தடித்த ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டை விட்டு மெல்லியதற்கு மாறியது. உங்களுடையது எந்த 1962 என்று விற்றவரைக் கேட்டீர்களா?

பிக்அப்பை இறக்க இரண்டு பக்கத் திருகுகள் போதும், கம்பியைக் கழற்ற வேண்டாம். திருகு துருவேறி அடம்பிடித்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் குத்துப்படுவது பக்கத்திலிருக்கும் பிக்அப்தான்.

அன்புடன்.