எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் துறைக்குப் போகலாமா? கோடிங் தெரியாவிட்டால் சிரமமா?

தாராளமாகப் போகலாம். நோயாளிகளின் தகவல்களைக் கணினியில் ஒழுங்காகப் பதிந்து, சிகிச்சைக்குப் பயன்படும்படி செய்வதுதான் இந்தத் துறை. கோடிங் தெரியாதது ஒரு குறையே இல்லை. நான் பொது மருத்துவம் படித்தவன். வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் கேஸ் ஷீட்டையெல்லாம் கணினிக்கு மாற்ற முடிவெடுத்தபோது, கூடவே நின்று பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர் வேண்டும் என்றார்கள். சீனியர்கள் நழுவிவிட்டதால் என் தலையில் விழுந்தது. இன்றுவரை ஒரு வரி கோடு எழுதியதில்லை.

இதற்கு டாக்டர் எதற்கு என்று கேட்பார்கள். முதலில் வந்த அட்மிஷன் திரையில் ‘மருந்து ஒவ்வாமை’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பார்வைக்கு நல்ல ஏற்பாடுதான். நடுராத்திரி நினைவில்லாமல் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள், கூட வந்தவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. டியூட்டி டாக்டர் என்ன செய்வார்? ஒரு புள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கொஞ்ச நாளில் அந்தக் கட்டம் முழுக்கப் புள்ளிகள். காலையில் ரவுண்ட்ஸ் வருபவர் அதை ‘ஒவ்வாமை இல்லை’ என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. ‘உண்டு’, ‘இல்லை’, ‘இன்னும் கேட்கவில்லை’ என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னோம். மூன்றாவதை அழுத்தினால், காலையில் வார்டு சிஸ்டரின் பட்டியலில் அந்தப் பெயர் வந்து நிற்கும். புரோகிராமருக்கு இது சின்ன வேலை. ஆனால் இப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு நைட் டியூட்டி பார்த்திருக்க வேண்டும்.

எச்சரிக்கைச் செய்திகளும் இப்படித்தான். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சிவப்புப் பெட்டி குதித்தால், உண்மையிலேயே ஆபத்தானதையும் படிக்காமல் மூடிவிடுவார்கள். எதற்கு எச்சரிக்கை வேண்டாம் என்று முடிவெடுப்பதில்தான் பாதி நாள் போகும். மீதி நாள், ‘டைப் அடிக்கவா நான் டாக்டருக்குப் படித்தேன்?’ என்னும் கன்சல்டன்ட்டுகளோடு. (அவர்கள் பாஸ்வேர்டு வார்டு முழுக்கத் தெரிந்திருக்கும், அது தனிக் கதை.)

படிப்பைப் பற்றிக் கேட்டால், அமெரிக்காவில் ‘கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ்’ என்ற பெயரில் இதை 2011-இல் மருத்துவத்தின் தனி உட்பிரிவாக ஏற்று 2013-இல் முதல் தேர்வு நடத்தினார்கள். இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் மருத்துவர்களுக்கென்றே இந்தத் துறையில் எம்.எஸ்சி. நடத்துகிறது. அதன் பலனையும் பார்த்தோம்: 2020-இன் தொடக்கத்தில், கொரோனா பரவும் நாடுகளிலிருந்து வந்த பயணிகளைக் கண்காணிக்க இலங்கையில் டிஹெச்ஐஎஸ்-2 என்னும் சுகாதாரத் தகவல் மென்பொருளில் அமைத்ததைப் பிற நாடுகளும் எடுத்துக்கொண்டன. நம் ஊரில் பெரும்பாலும் வேலைக்குள் விழுந்துதான் கற்றுக்கொள்கிறோம்.

எங்கிருந்து தொடங்கலாம்? நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐசிடி-10 பட்டியல் உங்களுக்குக் கொஞ்சம் பழக்கமாக இருக்கும். அப்புறம் ஸ்னோமெட் சிடி, அதாவது மருத்துவச் சொற்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பு. அதை நடத்தும் அமைப்பில் இந்தியா 2014-இல் உறுப்பினர் ஆனதால் இங்கே அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மருத்துவத் தகவலை அனுப்புவதற்கான பொது விதிமுறை எஃப்.ஹெச்.ஐ.ஆர். 2021-இல் நாடு முழுவதும் தொடங்கிய, மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் இதை வைத்துத்தான் நடக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க ஆபா (சுகாதாரக் கணக்கு) எண்ணை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோயாளியின் சம்மதத்தோடு ஒரு மருத்துவமனையின் பதிவு இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்பதைப் படியுங்கள், நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி என்னும் தமிழக அரசின் இணையப் பதிவேட்டில் கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கோர்ஸும் அதைச் சொல்லித்தராது.

ஓ.பி.யை முழுசாக விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஓரிரு நாளாவது பாருங்கள். நோயாளி பார்க்காத டாக்டர் சொல்வதை மற்ற டாக்டர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்புறம், ‘சீஃப் மெடிக்கல் இன்ஃபர்மேஷன் ஆஃபிசர்’ என்ற பதவிப் பெயரைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிடாமல், யாருக்குக் கீழ் வேலை என்று கேளுங்கள். மெடிக்கல் டைரக்டருக்குக் கீழ் என்றால் சேரலாம். ஐ.டி. மேலாளருக்குக் கீழ் என்றால், பெரும்பாலும் பிரிண்டர் ரிப்பேர் புகாரும் உங்களிடம்தான் வரும்.