ஆய்வுகூடத்தில் செய்த, டெங்கு வைரஸுக்குரிய என்.எஸ்.1 புரதம், புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் சரியான இடத்தில் ஒரே பட்டையாகத் தெரிகிறது. இனி அதன் அமைப்பையும் தொழிலையும் ஆராயத் தொடங்கலாமா?

கேட்டவர் கொழும்பில் உயிர் இரசாயனவியல் இறுதியாண்டு படிப்பவர். ஈ. கோலை பற்றீரியாவில் புரதத்தைச் செய்து, நிக்கல் கொலத்தில் (புரதத்தைப் பிடித்துவைத்துப் பிரிக்கும் குழாயில்) சுத்திகரித்திருக்கிறார். நானும் இதே ஊரில் டெங்குப் புரதங்களோடு சில ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்கலாம், ஆனால் அந்தப் பட்டையை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். ஜெல்லில் ஏற்றுமுன் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மடிப்பைக் குலைக்கும் சவர்க்காரமான எஸ்.டி.எஸ். சேர்த்தீர்கள், இருசல்பைட்டுப் பிணைப்புகளை உடைக்கும் மேர்கப்டோஎதனோல் சேர்த்தீர்கள், கொதிக்கவும் வைத்தீர்கள். புரதத்தின் மடிப்பு முழுவதையும் கலைத்துவிட்டுத்தான் அதை ஓடவிட்டிருக்கிறீர்கள். சங்கிலியின் நீளம் சரி, வேறு புரதங்கள் அதிகம் கலக்கவில்லை என்பதை அந்தப் பட்டை சொல்லும். வடிவத்தைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவிலும் பச்சை முட்டையில் இருந்த அதே புரதங்கள்தான் இருக்கின்றன.

என்.எஸ்.1 இந்த விஷயத்தில் மிகவும் பிடிவாதமான புரதம். 352 அமினோ அமிலங்கள், 12 சிஸ்டீன்கள், அவற்றுக்கிடையே 6 இருசல்பைட்டுப் பிணைப்புகள். 130ஆம், 207ஆம் இடங்களில் உள்ள அஸ்பராஜின்களில் சர்க்கரைச் சங்கிலிகள். தொற்றுள்ள கலத்துக்குள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மென்சவ்வோடு ஒட்டியிருக்கும். கலத்தைவிட்டு வெளியேறும்போது மூன்று சோடிகள் சேர்ந்து, நடுவில் கொழுப்பைப் பொதிந்துகொண்டு, ஏறத்தாழ 310 கிலோடால்டன் எடையுள்ள ஆறு அங்கத் திரளாகக் குருதியில் மிதக்கும். வெள்ளவத்தையிலோ பொரளையிலோ காய்ச்சல் வந்த முதல் நாட்களில் ஊசிபோட்டுக் குருதி எடுத்து "என்.எஸ்.1 பொசிற்றிவ்" என்று எழுதித் தருகிறார்களே, அங்கே பிடிபடுவது இந்தத் திரள்தான்.

ஈ. கோலையின் கலத்துக்குள்ளே இருசல்பைட்டுப் பிணைப்பு உருவாவது கடினம், அங்குள்ள சூழல் அதற்கு எதிரானது. அஸ்பராஜினில் சர்க்கரை சேர்க்கும் ஏற்பாடும் அதனிடம் இல்லை. ஆகவே புரதம் பெரும்பாலும் கரையாத கட்டிகளாகத் திரண்டுவிடும். யூரியாவில் கரைத்து, பிறகு மெதுவாக யூரியாவை நீக்கி மீள மடிக்க வேண்டியிருக்கும். அப்படி மடித்ததில் எவ்வளவு சரியாக மடிந்தது, எவ்வளவு தாறுமாறாகச் சிஸ்டீன்களைக் கோத்துக்கொண்டது என்பதுதான் உங்கள் ஆய்வின் முதல் கேள்வி. 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜனெற் ஸ்மித் குழுவும் பேர்டியூவின் ரிச்சர்ட் கூன் குழுவும் முழு என்.எஸ்.1 இன் பளிங்கு அமைப்பை வெளியிட்டபோது, புரதத்தைப் பூச்சிக் கலங்களில்தான் செய்திருந்தார்கள்.

விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொதிக்க வைத்தும் மற்றதைக் கொதிக்க வைக்காமலும், மேர்கப்டோஎதனோல் சேர்க்காமல், பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுங்கள். சரியாக மடிந்த என்.எஸ்.1 சோடி எஸ்.டி.எஸ்.ஸுக்கு அசையாது, வெப்பத்துக்குத்தான் பிரியும். கொதிக்காத வரியில் பட்டை இருமடங்கு எடைக்கு அருகே நின்று, கொதித்த வரியில் கீழே இறங்கினால் மனதுக்கு நிம்மதி. இரண்டு வரியிலும் ஒரே உயரம் என்றால் சோடி சேரவில்லை. மாதிரியை ஏற்றிய குழியின் வாயிலேயே கறையாக நின்றுவிட்டால் திரண்டுபோய்விட்டது. ஒரு பிற்பகல் வேலைதான், எனக்கு இதைவிடப் பிடித்த ஜெல் கிடையாது.

அடுத்து, மூலக்கூறுகளைப் பருமன்படி பிரிக்கும் கொலம். சோடியும் ஆறு அங்கத் திரளும் வெவ்வேறு நேரத்தில் இறங்கும், மிகப் பெரிய துணிக்கைகள் முதலில் இறங்கும் வெற்றிடக் கனவளவிலேயே எல்லாம் வந்துவிட்டால் அது திரட்சி. புரதத்தின் மடிப்பை ஒளியால் அறியும் வட்ட இருநிறமானி எங்காவது கிடைத்தால் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். பீற்றாத் தாள்கள் என்ற ஒழுங்கான மடிப்புகள் இருக்கின்றனவா, வெறும் ஒழுங்கற்ற சங்கிலியா என்று சொல்லும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

புரத வடிவத்தைக் கணித்துச் சொல்லும் கணினி மென்பொருளான அல்பாஃபோல்ட்டின் படத்தைக் காட்டினால் போதாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அருமையான வேலை அது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தருவது அமினோ அமில வரிசைக்கு உரிய ஓர் எதிர்வுகூறல். உங்கள் குழாயில் இருக்கும் புரதம் அப்படி மடிந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இனித் தொழில். கொழும்பில் டெங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் 2017 நினைவிருக்கும். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். வைத்தியர்கள் பயப்படுவது காய்ச்சலுக்கு அல்ல, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் குருதிக் குழாய்ச் சுவர் கசிவதற்கு. 2015இல் பெர்க்லியில் ஈவா ஹாரிஸ் குழுவும் குயீன்ஸ்லாந்தில் போல் யங் குழுவும் அந்தக் கசிவில் என்.எஸ்.1 புரதத்துக்கே நேரடிப் பங்கு உண்டு என்று காட்டின. கலத்தின் மேலுள்ள ரி.எல்.ஆர்.4 என்ற வாங்கியை அது தூண்டுகிறது என்பது குயீன்ஸ்லாந்துக் குழுவின் முடிவு. குழாய்ச் சுவர்க் கலங்களை நுண்துளைகள் உள்ள ஒரு மென்தகட்டின் மேல் அடர்த்தியாக வளர்த்து, புரதத்தைச் சேர்த்து, மின்தடை இறங்குகிறதா என்று பார்ப்பது பழக்கமான முறை. தடை இறங்கினால் கசிவு.

உங்களுக்கு நான் ஆறுதலாக எதுவும் சொல்ல முடியாத இடம் இதுதான். ஈ. கோலையின் வெளிச்சுவரில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற அகநச்சும் அதே ரி.எல்.ஆர்.4 வாங்கியைத்தான் தூண்டும், அதுவும் மிக மிகச் சிறிய அளவிலேயே. நிக்கல் கொலத்தில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வரும், ஜெல்லில் நீங்கள் புரதத்துக்குப் போடும் நீலச் சாயத்தில் கண்ணில் படவே படாது. அப்படியானால் உங்கள் கலங்கள் கசிந்தபோது கசியவைத்தது வைரஸ் புரதமா, பற்றீரியாவின் சுவரா? இதற்குப் பதில் இல்லாமல் எழுதும் ஆய்வறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

பதில் தேடும் வழிகள் உண்டு. புரதத்தை நன்றாகக் கொதிக்க வைத்துச் சேருங்கள்: புரதம் கெட்டுவிடும், எல்.பி.எஸ். பெரும்பாலும் தாங்கும். விளைவு அப்படியே இருந்தால் சந்தேகம் எல்.பி.எஸ். மேல். பொலிமிக்சின் பி என்ற மருந்தைச் சேர்த்தால் எல்.பி.எஸ்.ஸைக் கட்டிப்போடும்: அதற்குப் பிறகும் கலங்கள் கசிந்தால் புரதத்தின் பக்கம் நியாயம் கூடும். அதே பற்றீரியாவில், அதே கொலத்தில், தொடர்பில்லாத வேறொரு புரதத்தையும் செய்து எதிராக வையுங்கள். அகநச்சின் அளவையும் தனியாக அளந்து எழுதுங்கள். பணம் இருந்தால் பூச்சிக் கலத்திலோ பாலூட்டிக் கலத்திலோ செய்த என்.எஸ்.1 சிறிதளவு வாங்கி ஒப்பிடலாம். இறக்குமதி விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், ஆனாலும் ஒரு சிறிய குப்பியாவது கேட்டுப் பாருங்கள் என்பேன்.

வடிவத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டால் கைக்குழந்தைகளின் சுவாசத்தைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸின் எஃப் புரதத்தைச் சொல்லுங்கள். கலத்தோடு இணைவதற்கு முன் அதற்கு ஒரு வடிவம், இணைந்த பிறகு வேறொரு வடிவம், அமினோ அமில வரிசை மட்டும் ஒன்றே. பிந்திய வடிவத்தை வைத்துச் செய்த தடுப்பூசி முயற்சிகள் பலன் தரவில்லை. 2013இல் முந்திய வடிவத்தின் அமைப்பைக் கண்டு, அது மாறிவிடாதபடி சில அமினோ அமிலங்களை மாற்றிப் பூட்டினார்கள். அந்த வழியில் வந்த தடுப்பூசிகளுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எத்தனை கைக்குழந்தைகளின் மூச்சு அந்தப் பூட்டில் தங்கியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும். மறுபக்கம், ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசியின் மேற்பரப்புப் புரதத்தை மதுவத்தில் செய்தால் அது தானாகவே 22 நனோமீற்றர் துணிக்கைகளாகச் சேர்ந்துகொள்கிறது. 1986 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது. எந்தக் கலத்தில் செய்வது என்பதை அந்தந்தப் புரதம்தான் தீர்மானிக்கும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், கொதித்த–கொதிக்காத ஜெல்லை முதலில் முடிப்பேன். அது நல்லபடியாக வந்தால், டெங்கிலிருந்து குணமானவர்களின் சீரத்தில் உள்ள பிறபொருளெதிரிகள் மடிந்த புரதத்தோடு எவ்வளவு ஒட்டுகின்றன, கொதிக்க வைத்துக் குலைத்த புரதத்தோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று, ஒட்டுதலை நிறமாற்றத்தால் அளக்கும் எலைசாவில் ஒப்பிடுவேன். குலைத்ததும் ஒட்டுதல் நன்றாக விழுந்தால், உங்கள் புரதத்தில் நோயாளியின் உடல் அடையாளம் காணும் வடிவம் இருந்திருக்கிறது. சீரத்துக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது எளிதில் கையில் வராது. விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். புரதத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் பாடுபட்டு மடித்ததெல்லாம் திரண்டுவிடும்.